வெள்ளைப் புள்ளி போயிட்டு திரும்ப வந்திருக்கு, மெயின் டேங்க்லயே மருந்து ஊத்தலாமா?

அலைநீலம்:

எல்லாருக்கும் வணக்கம். உப்புத்தண்ணி டேங்க் ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகப்போகுது. 300 லிட்டர், லைவ் ராக், மணல், கொஞ்சம் சாஃப்ட் கோரல், ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு ப்ளூ டாங் மீன், நத்தைங்க, ஒரு க்ளீனர் ஷ்ரிம்ப், அப்புறம் ஒரு பிஸ்டல் ஷ்ரிம்ப் (கல்லுக்கு அடியில எங்கயோ இருக்கு, சொடக்கு சத்தம் மட்டும்தான் கேக்கும்). மூணு வாரம் முன்னாடி ஒரு ராயல் கிராமா மீன் வாங்கி சொட்டு சொட்டா தண்ணி மாத்தி பழக்கி அப்படியே உள்ள விட்டேன், குவாரண்டைன் எல்லாம் பண்ணல, திட்டறவங்க வரிசையில வரலாம்.

பத்து நாள்ல டாங் மூஞ்சிலயும் துடுப்புலயும் உப்பு தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி. பூண்டுச் சாறுல ஊறவெச்சு தீனி போடுன்னு ஒருத்தர் சொன்னாரு, போட்டேன், மூணே நாள்ல ஒரு புள்ளி இல்ல, ஆஹா பூண்டு வேலை செஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். ஒரு வாரம் கூட ஆகல, இப்ப முன்னவிட ரெண்டு மடங்கு, க்ளவுன் மேலயும் நாலஞ்சு தெரியுது, டாங் கல்லுல உரசிக்கிட்டே இருக்கு.

என் கேள்வி இதுதான், ரீஃப் சேஃப்னு (கோரலுக்கு கெடுதல் இல்லன்னு) போட்ட மருந்து இருக்கே, அதை மெயின் டேங்க்லயே ஊத்திடலாமா? நல்லதண்ணி மீன் வெச்சிருந்த காலத்துல ஒயிட் ஸ்பாட் வந்தா ஹீட்டரை 30க்கு ஏத்தி கல் உப்பு போடுவேன், சரியாயிடும். இங்க ஏற்கனவே உப்புதான் இருக்கு, இதுக்கு மேல என்னத்தை போட?


பவழக்கிறுக்கன்:

எதையும் ஊத்தாதீங்க சகோ, முதல்ல மூணு விஷயம் பாத்து சொல்லுங்க. புள்ளிய எண்ண முடியுதா, இல்ல மாவு பூசின மாதிரி எண்ண முடியாம இருக்கா? செவுள் எவ்வளவு வேகமா அடிக்குது? லைட்டைப் பாத்து ஒளியுதா, பவர்ஹெட் மோட்டார் தண்ணி அடிக்கற இடத்துல போய் மூஞ்சிய காட்டிட்டு நிக்குதா?

ஏன் கேக்கறேன்னா ஒயிட் ஸ்பாட்டுன்னா நமக்கு டைம் இருக்கு, வெல்வெட்டுங்கற இன்னொரு ஒட்டுண்ணி நோய்னா இன்னைக்கு ராத்திரியே மீனை எடுக்கணும். வெல்வெட் முதல்ல செவுள்லதான் உக்காரும், உடம்புல பொன்னிறத் தூசி மாதிரி நமக்கு தெரியறதுக்குள்ள பல மீன் போய் சேந்திருக்கும். சாப்பாட்டை நிறுத்திடும், மூச்சு வாங்கும், ரெண்டு மூணு நாள்ல டேங்க் காலி. அதே மாதிரி க்ளவுன் மேல புள்ளியா இல்லாம சளி உரிஞ்சு தொங்கற மாதிரி இருந்தா அது ப்ரூக்லினெல்லா, அதுக்கு காப்பர் (ஒயிட் ஸ்பாட்டுக்கு போடற தாமிர மருந்து) கேக்காது, ஃபார்மலின் வேணும். எல்லாத்தையும் "வெள்ளையா இருக்கு"ன்னு ஒரே பேர்ல சொல்லிட்டு ஒரே பாட்டிலைத் தேடறதுலதான் பாதி மீன் சாகுது.


அலைநீலம்:

எண்ண முடியுது அண்ணா. டாங் மேல ஒரு பக்கம் 30 புள்ளி இருக்கும், ஒவ்வொண்ணும் உப்புக்கல் சைஸ். மூச்சு லேசா வேகம், பயங்கர வேகம்னு சொல்ல முடியாது. பாசி ஷீட் போட்டா ஓடி வந்து பிடுங்குது. ஒளியல. க்ளவுன் சளி எல்லாம் இல்ல.


உப்புமானி:

அப்ப ஒயிட் ஸ்பாட்தான், கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ். நல்லதண்ணில வர்றது இக்தியோஃப்தீரியஸ், பாக்க ஒரே மாதிரி இருக்கும் ஆனா ரெண்டும் வேற வேற உயிரி, அதனால உங்க பழைய வைத்தியம் இங்க எடுபடாது, ஹீட்டரை ஏத்தினா ஒட்டுண்ணி இன்னும் வேகமா சுத்தும், தண்ணில ஆக்சிஜன் குறையும், ஏற்கனவே செவுள்ல அடி வாங்கின மீனுக்கு அதுதான் கடைசி உதை. (கிரிப்டோகேரியானுக்கு 1951ல பேர் வெச்சது பிரவுன்ங்கற ஆராய்ச்சியாளர், வெல்வெட்டை 1931ல முதல்ல விவரிச்சதும் அவங்களேதான். நம்ம ரெண்டு வில்லனுக்கும் ஒரே ஆள் பிறப்புச் சான்றிதழ் குடுத்திருக்காங்க.)

இப்ப புள்ளி ஏன் போச்சு ஏன் வந்துச்சு. நீங்க பாக்கற ஒவ்வொரு புள்ளியும் மீன் தோலுக்குக் கீழ புகுந்து உக்காந்து தின்னுட்டிருக்கற ஒரு ஒட்டுண்ணி, மேல இல்ல, கீழ, அதனாலதான் அங்க இருக்கறவரைக்கும் மருந்தாலயும் அதைத் தொட முடியாது க்ளீனர் ஷ்ரிம்ப்பாலயும் நோண்டி எடுக்க முடியாது. 3லேர்ந்து 7 நாள் தின்னு கொழுத்ததும் அதுவா மீனை விட்டு இறங்கிடும், பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடி இருட்டுல, நீங்க காலைல வந்து பாத்தா மீன் பளிச்சுன்னு இருக்கும், பூண்டுக்கு பேர் கிடைச்சிடும். இறங்கினது மணல்லயோ கல்லுலயோ நத்தை ஓட்டுலயோ ஒட்டிக்கிட்டு சுத்தி ஒரு கூடு கட்டிக்கும், உள்ளயே பிரிஞ்சு பிரிஞ்சு நூத்துக்கணக்குல ஆகும், அந்தக் கூட்டையும் மருந்து ஊடுருவாது. அப்புறம் கூடு வெடிச்சு குட்டிங்க நீந்தி வெளிய வரும், ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள ஒரு மீன் கிடைக்கலன்னா செத்துடும். மருந்து கொல்றது இந்த நீந்தற நிலையில மட்டும்தான். முழுக் கதையிலயும் அது வெளிய தலை காட்டற நேரம் அவ்வளவுதான், அதனால "மூணு நாள் மருந்து போட்டேன்"ங்கறதுக்கெல்லாம் அர்த்தமே இல்ல.

கூடு வெடிக்க எவ்வளவு நாள்ங்கறதுதான் தலைவலி. சீக்கிரம்னா 3 நாள், வழக்கமா 28 நாளுக்குள்ள, ஆனா 72 நாள் வரைக்கும் இழுத்ததா பதிவு இருக்கு. அதை வெச்சுதான் டேங்க்கை 76 நாள் மீன் இல்லாம காலியா போடுன்னு சொல்றாங்க. உங்க எல்லா மீனையும் வெளிய எடுத்து தனி டேங்க்ல மருந்து, மெயின் டேங்க் 76 நாள் பட்டினி, கோரலும் நத்தையும் ஷ்ரிம்பும் அங்கயே இருக்கலாம், அதுங்களை இது பிடிக்காது. காப்பரை மெயின் டேங்க்ல ஊத்தினா ஷ்ரிம்ப், நத்தை, கோரல் எல்லாம் போயிடும், அதோட கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சி வெச்சுக்கும், அளவும் நிக்காது. ரீஃப் சேஃப் பாட்டிலைப் பத்தி என் அபிப்ராயம், ஷ்ரிம்பை ஒண்ணும் பண்ணாத அளவுக்கு சாதுவானது ஒட்டுண்ணியையும் ஒண்ணும் பண்ணாது.


ரீஃப்வாசி:

எல்லாரும் கிளம்பிட்டாங்க டேங்க்கை காலி பண்ணுன்னு. நான் 6 வருஷமா டேங்க் வெச்சிருக்கேன், ஒயிட் ஸ்பாட் என் டேங்க்ல இருக்குன்னு எனக்கே தெரியும், எப்பவாவது டாங் மேல ரெண்டு புள்ளி வரும் போகும். நல்லா தீனி, பெரிய யூவி லைட், மீனுங்களுக்குள்ள சண்டை இல்லாம பாத்துக்கறது, அவ்வளவுதான் என் வைத்தியம். ஒரு தடவை தாங்கிப் பொழச்ச மீனுக்கு ஓரளவு எதிர்ப்பு சக்தி வருது. டாங்கை கல்லை எல்லாம் புரட்டி துரத்திப் பிடிச்சு பக்கெட்ல போட்டு, அந்த பயத்துலயே பாதி உயிர் போயிடும். நல்லா சாப்பிடற மீனை விட்டுப்பிடிங்க ப்ரோ.


பவழக்கிறுக்கன்:

ரீஃப்வாசி சொல்றது பொய் இல்ல, அப்படி ஓடற டேங்க் நிறைய இருக்கு. நானும் 4 வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு நாள் ராத்திரி ஹீட்டர் ஆன்லயே சிக்கிக்கிச்சு, காலைல பாத்தப்ப தண்ணி 31 டிகிரி, சரி பண்ணிட்டேன், மீன் எதுவும் சாகல, நல்லவேளைன்னு நினைச்சேன். ஆறாவது நாள் எல்லா மீன் மேலயும் புள்ளி. பத்தாவது நாள் மிச்சம் இருந்தது ஒரு மாண்டரின் மீன் மட்டும், அது மேல இருக்கற சளிக்கு இது அவ்வளவு சுலபமா பிடிக்காது. எதிர்ப்பு சக்தி இருந்தது உண்மை, 4 வருஷம் அதோட டேங்க்ல ஒட்டுண்ணியும் குடும்பம் நடத்துனதும் உண்மை. அதுவும் இவருக்கு முதல் சுத்துல முப்பது புள்ளி, ரெண்டாவதுல அறுபது, மூணாவது சுத்து என்னன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. விட்டுப்பிடிக்கற நிலை இது இல்ல. (300 லிட்டர் ப்ளூ டாங்குக்கு பத்தாது, அதை இன்னொரு நாள் திட்டறேன்.)

பிடிக்கற விஷயத்துக்கு வர்றேன். பகல்ல துரத்தாதீங்க. லைட் அணைஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச்சோட போங்க, டாங் ஏதாவது கல் இடுக்குல செருகிக்கிட்டு தூங்கும், அந்தக் கல்லோட தூக்கி பக்கெட்ல வெச்சா அதுவா வெளிய வரும். வலைய முடிஞ்சவரைக்கும் தவிர்த்துடுங்க, வால் பக்கத்துல ரெண்டு பக்கமும் கத்தி மாதிரி ஒரு முள் இருக்கு, சர்ஜன் மீன்னு பேரே அதனாலதான், அது வலையில மாட்டிக்கிட்டா மீனும் கிழியும் உங்க கையும் கிழியும். ப்ளாஸ்டிக் டப்பாவுல தண்ணியோட மொண்டு எடுங்க. கிராமா அடம் பிடிச்சா தண்ணிய பாதி இறைச்சிட்டு பிடிங்க, வேற வழியில்ல.


மருந்துடப்பா:

காப்பர் பக்கம் நான் சொல்றேன். குவாரண்டைன் டேங்க்ல மணலும் வேணாம் கல்லும் வேணாம், வெறும் கண்ணாடி, ஒளிய நாலு பிவிசி பைப் துண்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஏர் ஸ்டோன். நாலு மீனுக்கு 80 லிட்டராவது இருக்கட்டும். டேங்க் மேல எழுதியிருக்கற லிட்டரை நம்பாதீங்க, பக்கெட்ல அளந்து ஊத்தி நிஜமான அளவைக் குறிச்சு வைங்க, மருந்து கணக்கு எல்லாம் அதுலதான் நிக்குது.

காப்பர்ல ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் குழப்பினா மீன் செத்துடும். காப்பர் பவர் மாதிரி கீலேட்டட் வகைன்னா 2.25லேர்ந்து 2.5 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), குப்ரமைன்ங்கற பிராண்டுன்னா 0.5 பிபிஎம். ஒண்ணோட நம்பரை இன்னொண்ணுக்கு போட்றாதீங்க. முதல் நாளே முழு அளவு வேணாம், ரெண்டு மூணு நாள்ல படிப்படியா ஏத்துங்க. முழு அளவுக்கு வந்த நாள்தான் 1ஆம் நாள், அங்கேர்ந்து 30 நாள். நடுவுல அளவு கீழ இறங்கிடுச்சுன்னா திரும்ப 1லேர்ந்து எண்ணணும், அதனால கலர் பாத்து ஒப்பிடற கிட்டை வெச்சு குத்துமதிப்பா ஓட்டாதீங்க, 2.0வுக்கும் 2.5க்கும் அதுல வித்தியாசம் கண்ணுக்கு தெரியாது. ஹன்னா ஹை ரேஞ்ச் காப்பர் மீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க.

தண்ணி ஆவியாகி குறைஞ்சா நல்லதண்ணி ஊத்தி நிரப்புங்க, காப்பர் ஆவியாகாது, திரும்ப போட வேணாம். ஆனா 20 லிட்டர் மாத்தினீங்கன்னா 2.5 கணக்குல 50 மில்லிகிராம் காப்பர் அதோட போயிடுது, அதனால புதுத் தண்ணியிலயும் முன்னாடியே காப்பர் கலந்துதான் ஊத்தணும். இதுல சறுக்கறவங்கதான் அதிகம்.

அடுத்தது அம்மோனியா. என்னைக் கேட்டா குவாரண்டைன்ல ஒட்டுண்ணியால செத்ததை விட அம்மோனியாவால செத்த மீன் அதிகம். ஸ்பாஞ்சை முன்கூட்டியே மெயின் டேங்க் சம்ப்ல (ஃபில்டர் தொட்டில) போட்டு பாக்டீரியா ஏத்தி வெச்சிருந்தா பொழச்சீங்க, இல்லன்னா பாட்டில் பாக்டீரியாவும் தினம் தண்ணி மாத்தறதும்தான். அம்மோனியாவை முறிக்கற கண்டிஷனரை மட்டும் காப்பர் இருக்கற தண்ணில ஊத்தவே ஊத்தாதீங்க, காப்பரை இன்னும் விஷமான வடிவத்துக்கு மாத்திடும், ஒரே ராத்திரியில எல்லாம் மிதக்கும்.


உப்புமானி:

காப்பரே வேணாம்னு நினைச்சா டேங்க் மாத்தற முறை இருக்கு. மருந்தே இல்ல, வெறும் கணக்கு. மீன்லேர்ந்து ஒட்டுண்ணி 7 நாளுக்குள்ள இறங்கியே ஆகணும், இறங்கினது குட்டி போட குறைஞ்சது 3 நாள் ஆகும், அதனால 72 மணி நேரம் ஆகறதுக்குள்ள மீனை மட்டும் அடுத்த டேங்க்குக்கு தூக்கிட்டா இறங்கினது எல்லாம் பழைய டேங்க்லயே மாட்டிக்கும். இப்படி 4 தடவை, 12 நாள். பழைய டேங்க், பைப், ஸ்பாஞ்ச் எல்லாத்தையும் கழுவி எலும்பு மாதிரி காய வைக்கணும், ஈரம் இருந்தா போச்சு. சின்ன மீனுக்கு அருமையான முறை, டாங் மாதிரி சைஸுக்கு ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்டணும். வெல்வெட்டுக்கு இது ஆகாது.

உப்பைக் குறைக்கற முறைன்னு ஒண்ணும் இருக்கு, அடர்த்தி 1.009ல 30 நாள். உப்பு அளக்கற ரிஃப்ராக்டோமீட்டர் கொஞ்சம் தப்பா காட்டினாலும் பிரயோஜனம் இல்ல, வெல்வெட்டுக்கும் வேலை செய்யாது, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொண்ணு, குவாரண்டைன் டேங்க்கை மெயின் டேங்க் பக்கத்துலயே வைக்காதீங்க. 3 மீட்டராவது தள்ளி. பொங்கித் தெறிக்கற துளியில வெல்வெட் காத்துவழியா போனதை சோதிச்சே காட்டியிருக்காங்க. வலை, கைத்துணி, சைஃபன் குழாய் எல்லாம் தனித்தனி.


அலைநீலம்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்னைக்கு ராத்திரி டார்ச்சோட இறங்கறேன். காப்பரே போறேன்.


அலைநீலம் (12 நாள் கழிச்சு):

அப்டேட். நாலு மீனையும் பிடிச்சாச்சு, அண்ணன் சொன்ன மாதிரியே டாங் கல்லோட வந்துச்சு, கிராமாவுக்கு மட்டும் 150 லிட்டர் இறைச்சேன், இடுப்பு போச்சு. காப்பர் 2.4ல நிக்குது, முழு அளவுக்கு வந்து இன்னைக்கு 9ஆவது நாள். ஆரம்பத்துல புள்ளி இன்னும் ஏறுச்சு, பயந்துட்டேன், 5ஆம் நாள்லேர்ந்து ஒண்ணு கூட இல்ல. அம்மோனியா ஒரு தடவை 0.5 காட்டுச்சு, கண்டிஷனர் பாட்டிலை கைல எடுத்துட்டேன், அப்புறம் இந்த த்ரெட் ஞாபகம் வந்து வெச்சுட்டு காப்பர் கலந்த தண்ணியா பாதி மாத்தினேன்.

இப்ப ஒரு கேவலமான விஷயம் சொல்லணும். பிஸ்டல் ஷ்ரிம்ப் சொன்னேன்ல. அதை வாங்கும்போது கூடவே ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீன் வாங்கினேன், ரெண்டும் ஒரே வளையில இருக்கும். கோபி 4 மாசமா கண்ணுல படல, செத்துடுச்சுன்னு நினைச்சு லிஸ்ட்ல கூட போடல. நேத்து ராத்திரி காலி டேங்க்ல கோரலுக்கு தீனி போடறேன், வளை வாசல்ல ஒரு மஞ்சள் தலை. மீனே இல்லாததால தைரியம் வந்து வெளிய வந்திருக்கு போல. மேல புள்ளி எதுவும் தெரியல. 10 நாளுக்கு மேல பட்டினி போட்டது வீணா?


ரீஃப்வாசி:

மன்னிச்சுக்கங்க ப்ரோ, சிரிச்சிட்டேன்.


உப்புமானி:

வீண்தான். ஒரு மீன் இருந்தாலும் அதுக்கு பேர் பட்டினி இல்ல. புள்ளி தெரியலன்னா செவுள்ல ஒண்ணு ரெண்டு இருக்கலாம், அது போதும் சங்கிலி தொடர. கோபி வெளிய வர்ற நாள்லேர்ந்து புதுசா 76 எண்ணுங்க. 6 வாரம் போதும்னு சொல்றவங்களும் இருக்காங்க, தண்ணிய 27 டிகிரில வெச்சிருந்தா. இவ்வளவு தூரம் வந்துட்டு அந்த சூதாட்டம் எதுக்கு.


மருந்துடப்பா:

கோபியை ஓடற காப்பர் டேங்க்ல திடீர்னு 2.4ல தூக்கி போடாதீங்க, அந்த மீனுங்க 9 நாள் கணக்கையும் கெடுக்க வேணாம். சின்ன மீன்தானே, உப்புமானி சொன்ன டேங்க் மாத்தற முறை இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. மூடி போட்ட ரெண்டு பக்கெட், ரெண்டு ஹீட்டர், ரெண்டு ஏர் ஸ்டோன், மூடி முக்கியம், கோபி குதிக்கும். 12 நாள்ல அது சுத்தம், அப்புறம் சின்ன டேங்க்ல வெச்சுக்கங்க. மத்த நாலும் 30 நாள் முடிஞ்சதும் கார்பன் போட்டு காப்பரை எடுத்துடுங்க, தேவைக்கு மேல அதுல ஊறப்போட வேணாம், மெயின் டேங்க் தயாராகற வரைக்கும் வெறும் உப்புத்தண்ணில இருக்கட்டும். குவாரண்டைன்ல இருக்கும்போதே ப்ராசிக்வான்டெல் (புழு மருந்து) ஒரு டோஸ், ஒரு வாரம் விட்டு இன்னொரு டோஸ், ஃப்ளூக் புழு இருந்தா அதுவும் போயிடும், காப்பருக்கு அது சாகாது.


பவழக்கிறுக்கன்:

கோபியைப் பிடிக்க வளைய இடிக்காதீங்க, ஷ்ரிம்ப் கட்டுன கோட்டை அது, இடிஞ்சா ரெண்டும் கல்லுக்கு அடியில வேற எங்கயாவது போயிடும், அடுத்த நாலு மாசம் தேட வேண்டியதுதான். அகலமான கண்ணாடி பாட்டிலை வாசலுக்கு எதிர்ல படுக்க வெச்சு உள்ள தீனி போட்டு விட்டுடுங்க. மூணு நாள் பொறுமையா அதே நேரத்துல தீனி வைங்க, அதுவா உள்ள போய் உக்காரும்.


அலைநீலம் (5 நாள் கழிச்சு):

நாலாவது நாள் பாட்டிலுக்குள்ள போயிடுச்சு. கைய வெச்சு மூடி தூக்கிட்டேன். இப்ப பக்கெட்ல இருக்கு, முதல் 72 மணி நேரம் ஓடுது, அலாரம் மூணு வெச்சிருக்கேன். டேங்க் கண்ணாடியில மார்க்கரால இன்னைக்கு தேதிய எழுதி பக்கத்துல 1ன்னு போட்டிருக்கேன். ஷ்ரிம்ப்தான் பாவம், அதுக்கு கண்ணு சரியா தெரியாதுல்ல, வளை வாசலுக்கு வந்து மீசையால தடவித் தடவிப் பாத்துட்டு உள்ள போயிடுது.